மொரிஸ் மைனர் கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டுதல்: எஸ்.யு. எச்.எஸ்.2 முழுமையான வழிகாட்டி

பழைய மொரிஸ் மைனர் ஒன்று இழுவை குறைந்து, பெற்றோல் மணத்தோடு கறுப்புப் புகை தள்ளத் தொடங்கினால், காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டரைக் காட்டி, கராஜில் பெரும்பாலும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: "இதைக் கழற்றி எறிந்துவிட்டு யப்பான் கார்பரேட்டர் ஒன்றைப் பூட்டுவோம்." எனக்கு அதில் உடன்பாடில்லை. மைனரில் இருக்கும் எஸ்.யு. கார்பரேட்டரில் ஓடித் தேயும் இடங்கள் மூன்றுதான். ஊசியும் அது இறங்கும் ஜெட்டும் (பெற்றோல் வரும் துளை) ஒன்று, எஞ்சினுக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ரொட்டில் ஸ்பிண்டில் இன்னொன்று, கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவை வால்வு மூன்றாவது. இவற்றை மாற்றி, ஜெட்டை நடுவில் நிறுத்தப் பழகிவிட்டால், அறுபது வருடம் ஓடிய கார்பரேட்டரும் புதிதுபோல வேலை செய்யும். அதை வீட்டு முற்றத்திலேயே இரண்டு நாளில் செய்யலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1098 சிசி எஞ்சின் உள்ள மைனர் 1000. அந்த எஞ்சின் 1962இல் வந்தது, அதில் இருப்பது எஸ்.யு. எச்.எஸ்.2. கடைசி இலக்கம் வாயின் அளவைச் சொல்கிறது. ஓர் அங்குலத்தோடு அத்தனை அரைக்கால் அங்குலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எச்.எஸ்.2 என்றால் ஒன்றேகால் அங்குலம், எச்.எஸ்.4 ஒன்றரை, எச்.எஸ்.6 ஒன்றேமுக்கால். இனிச் சொல்லும் முறை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அளவுகள் மட்டும் மாறும்.

முதலில் அது வேலை செய்யும் விதம்

மற்றக் கார்பரேட்டர்களில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட், திடீரென மிதிக்கும்போது பீச்சியடிக்க ஒரு பம்ப் என்று பல வழிகள் இருக்கும். எஸ்.யு.வில் இருப்பது ஒரே ஒரு ஜெட். அதற்குள் கூராகச் சீவிய ஓர் ஊசி தொங்குகிறது. ஊசியைப் பிடித்திருப்பது ஒரு பிஸ்டன். பிஸ்டன், கவிழ்த்த குவளை போன்ற டாஷ்பாட்டுக்குள் ஏறி இறங்கும். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் எழும்பும், காற்று போகும் வாய் பெரிதாகும், ஊசியும் மேலே போய் ஜெட்டில் அதிக இடைவெளி விடும். காற்றும் பெற்றோலும் இப்படித் தாமாகவே அளவாகிக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் ஸ்கின்னர் குடும்பத்தார். எஸ்.யு. என்பதே ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பம் அது. ஆரம்ப கால எஸ்.யு.வில் பிஸ்டன் இருக்கவில்லை, தோலால் செய்த துருத்திதான் இருந்தது என்பதைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தோல் தெரிந்தவர்கள் தோலிலேயே தொடங்கியிருக்கிறார்கள். 1926இல் வில்லியம் மொரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். மைனரில் எஸ்.யு. வந்து சேர்ந்த வழி அதுதான்.

தோல் துருத்தியின் இடத்துக்கு வந்த பிஸ்டனும் டாஷ்பாட்டும் ஒன்றோடொன்று உரசாமல், ஆனால் காற்று அதிகம் நழுவாமல், மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. அதனால் அவை ஒரு சோடி. ஒரு கார்பரேட்டரின் பிஸ்டனை இன்னொன்றின் டாஷ்பாட்டுக்குள் போடக்கூடாது. இரட்டைக் கார்பரேட்டர் வைத்திருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

கார்பரேட்டர்மேல் பழி போட முன் மற்றதைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.012 அங்குலம். இவை சரியில்லாத வண்டியில் கார்பரேட்டரை எத்தனை முறை திருகினாலும் ஓட்டம் நேராகாது. நான் ஒருமுறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கார்பரேட்டரோடு கழித்தேன். கடைசியில் குற்றம் இரண்டாம் பிளக் வயரில் இருந்தது.

அடுத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது த்ரொட்டில் ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் சிறிது கார்பரேட்டர் கிளீனரைப் பீச்சிப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் புகைபோக்கிப் பக்கம் படாமல் கொஞ்சமாகப் பீச்ச வேண்டும். ஓட்டம் மாறினால் அந்த இடத்தால் காற்று புகுகிறது. ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெற்றோல் வழிகிறதா என்பதைக் காதாலேயே அறியலாம். மைனரின் எஸ்.யு. மின்பம்ப், சாவியைப் போட்டதும் கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பும்வரை "டிக் டிக்" என்று அடித்துப் பிறகு நிற்கும். எஞ்சின் ஓடாத நேரத்திலும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுக்கு. பெரும்பாலும் மிதவை வால்வு.

வேண்டியவை

ஊசி, ஜெட், மிதவை வால்வு, ஜெட் குழாயின் ரப்பர் கிளாண்ட் (ஒழுக்கைத் தடுக்கும் வளையம்), மிதவைக் கிண்ணத்தின் ரப்பர் வளையங்கள், காஸ்கெட்டுகள், த்ரொட்டில் ஸ்பிண்டில், அதன் தகட்டுக்கு இரண்டு புதுப் பித்தளைத் திருகாணிகள். இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் உள்ள பேர்லன் நிறுவனம் எஸ்.யு. பாகங்களை இன்றும் செய்கிறது. பெட்டியாக வரும் கிட்டில் ஸ்பிண்டில் பலமுறை இருக்காது, தனியாகக் கேளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் எதனோல் கலந்த பெற்றோலைத் தாங்கும் ரப்பர் குழாய்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். 20 விழுக்காடு எதனோல் பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் வைக்கும்.

ஸ்பானர் அங்குல அளவில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல இருந்து நட்டின் மூலையை வழித்துவிடும். நல்ல திருப்புளி இரண்டு, மூக்குக் குறடு, பழைய பல் பிரஷ், வெள்ளைத் துணி விரித்த மேசை, வாய் அகன்ற ஜாம் போத்தல் ஒன்று. போத்தல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வண்டியிலிருந்து இறக்குதல்

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் யாராவது தெரியாமல் சாவியைத் திருப்பினாலும் திறந்த குழாயால் பெற்றோல் பாயும். பழைய மைனரில் பேட்டரியின் பொசிட்டிவ் முனைதான் வண்டியின் பாடியோடு பூட்டியிருக்கும். பிறகு யாரும் மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எயர் கிளீனர், பெற்றோல் குழாய், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், த்ரொட்டில் கேபிள், சோக் கேபிள் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற முன் தொலைபேசியில் நாலு பக்கத்தாலும் படம் எடுத்துவிடுங்கள். சின்ன ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் கொளுவியிருந்தன என்பது மறுநாள் நினைவில் நிற்காது. பிறகு எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மெனிபோல்டில் உள்ள இரண்டு நட். கார்பரேட்டர் வந்ததும் மெனிபோல்ட் வாயைத் துணியால் அடையுங்கள். இடையில் இருக்கும் தடித்த இன்சுலேட்டர் கட்டையும் அதன் இருபுறக் காஸ்கெட்டுகளும் திரும்ப அதே ஒழுங்கில் வர வேண்டும்.

பிரித்தல்

வெளியழுக்கை முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். டாஷ்பாட்டும் பாடியும் சேரும் இடத்தில் ஒரு சிறு கோடு கீறிவையுங்கள். மேலே இருக்கும் டாம்பரை, அதாவது பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் எண்ணெயோடு சேர்ந்து தடுக்கும் தண்டை, திருகி எடுத்து எண்ணெயை ஊற்றிவிடுங்கள்.

டாஷ்பாட்டின் திருகாணிகளைக் கழற்றி, அதை நேர் மேலாக உயர்த்துங்கள். சரித்தால் ஊசி வளையும். ஸ்பிரிங்கை எடுத்து வையுங்கள். மைனருக்குரியதில் சிவப்புப் பூச்சு இருக்கும். பிறகு பிஸ்டனை ஊசியோடு தூக்கி, ஊசி உள்ளே தொங்கும்படி ஜாம் போத்தலின் வாயில் வையுங்கள். பிஸ்டனின் தட்டு வாயில் அமர்ந்துகொள்ளும். மேசையில் படுக்கவைத்து உருளவிட்டு ஊசியை வளைத்தவர்கள் பலர்.

ஊசியைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைத் தளர்த்தி ஊசியை இழுங்கள். வரவில்லையென்றால் ஒரு துளி எண்ணெய் விட்டு, முதலில் உள்பக்கமாக மெல்லத் தட்டி அசைத்துப் பிறகு இழுங்கள். தடித்த பகுதியில் எழுத்து பொறித்திருக்கும். 1098 மைனருக்குரியது ஏ.என். ஊசி. வேறு எழுத்து இருந்தால் முன்பு யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அடியில், சோக் இழுக்கும் இணைப்பை ஜெட்டிலிருந்து விடுவியுங்கள். மிதவைக் கிண்ணத்தின் அடியில் ஜெட் குழாயின் நட்டைத் தளர்த்தினால் ஜெட் கீழே உருவிக்கொண்டு வரும். அதன்மேல் இருந்த அட்ஜஸ்டிங் நட், அதன் ஸ்பிரிங், அதற்கும் மேலே உள்ள பெரிய லாக் நட், ஜெட் பேரிங், வளையம் என்று வந்த ஒழுங்கிலேயே துணியில் வரிசையாக வையுங்கள். மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, கீல் ஊசியைத் தள்ளி மிதவையை எடுத்து, வால்வின் இருக்கையைத் திருகி எடுங்கள்.

த்ரொட்டில் தகட்டின் இரு திருகாணிகளும் பிளந்த முனை உள்ளவை. கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருக்க முனையை விரித்திருப்பார்கள். மூக்குக் குறட்டால் அந்த முனையை நெருக்கிய பிறகே திருக வேண்டும், இல்லையென்றால் ஸ்பிண்டிலின் மரை போய்விடும். தகடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். அதன் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, திருப்பிப் போட்டால் முழுதாக மூடாது.

சுத்தம் செய்தல்

மிதவைக் கிண்ணத்தின் அடியில் மண்ணும் தாங்கிக் கறளும் படிந்திருக்கும். பிரஷ், பெற்றோல், காற்று. அவ்வளவுதான். கோஸ்டிக் சோடாவில் ஊறவைக்க வேண்டாம், அலுமினியம் கருகிவிடும். பித்தளை நட்டுகளின் வெளிப்புறத்துக்குப் புளி போதும். ஜெட்டின் துளைக்குள் மட்டும் எதையும் விட்டுக் குடையாதீர்கள்.

பிஸ்டனையும் டாஷ்பாட்டின் உட்புறத்தையும் பெற்றோல் நனைத்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். எமரித்தாள், உலோகப் பொலிஷ் எதுவும் ஆகாது. அந்த மயிரிழை இடைவெளி பெரிதானால் பிறகு திருத்த வழியில்லை. துடைத்த பின் பிஸ்டனின் தண்டில் மட்டும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் தடவி, ஸ்பிரிங் இல்லாமல் டாஷ்பாட்டுக்குள் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். எங்கும் உரசாமல் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

தேய்மானம் பார்த்தல்

ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பளபளப்பான கோடு இருந்தால் அது ஜெட்டில் உரசி ஓடியிருக்கிறது. ஜெட்டின் வட்டத் துளையும் முட்டை வடிவாகியிருக்கும். எச்.எஸ்.2 ஜெட்டின் துளை 0.090 அங்குலம். அதில் சிறு மாற்றமும் மெதுவான ஓட்டத்தைக் குழப்பும். ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்து வண்டிகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1990களில் பெற்றோல் தடையாக இருந்தபோது அந்த வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அந்த வண்டிகளை அப்படி ஓடவைத்தவர்களின் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். என் வண்டியின் ஊசியில் அரம் போட்ட தடம் இருந்தது. மண்ணெண்ணெய்க்கு அதிக இடைவெளி வேண்டும் என்று யாரோ சீவியிருக்கிறார்கள். அன்றைக்கு அது சரி, இன்றைய பெற்றோலுக்கு அது கறுப்புப் புகை.

ஸ்பிண்டிலைப் பாடியின் துளையில் போட்டு மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் முதலில் புது ஸ்பிண்டிலைப் போட்டுப் பாருங்கள், ஸ்பிண்டில்தான் பெரும்பாலும் முதலில் தேயும். அப்போதும் ஆடினால் பாடியின் துளை தேய்ந்துவிட்டது. லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெருப்பித்துப் பித்தளைப் புஷ் போடச் சொல்லுங்கள். இரண்டு புஷ்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டிய பிறகும் மெதுவான ஓட்டம் நிலைக்கவில்லை என்று குறைபடும் பலர் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். காஸ்கெட் மாற்றுவது கண்ணுக்குத் தெரியும், ஸ்பிண்டில் ஆட்டம் தெரியாது.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சந்தேகம் என்றால் சுடுதண்ணீரில் அமிழ்த்துங்கள், குமிழி வந்தால் மாற்றுங்கள்.

பூட்டுதல், ஜெட்டை நடுவில் நிறுத்துதல்

முதலில் ஸ்பிண்டில், தகடு. திருகாணிகளை முழுதாக இறுக்க முன் தகட்டை இரண்டு மூன்று முறை மூடித் திறந்து தானாக அமர விடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசியக்கூடாது. பிறகு இறுக்கி, முனையை மெல்ல விரியுங்கள்.

ஊசியை அதன் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக நிற்கும்படி பூட்டுங்கள். உள்ளே போனாலும் வெளியே நீண்டாலும் கலவை மாறும்.

இனித்தான் உயிரான வேலை. ஜெட் பேரிங்கை வளையத்தோடு போட்டு லாக் நட்டைக் கைப்பிடியாக மட்டும் பூட்டுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் அட்ஜஸ்டிங் நட்டை முழுதாக மேலே ஏற்றி, ஜெட்டையும் உள்ளே தள்ளி மேலே பிடியுங்கள். பிஸ்டன், அதன் ஸ்பிரிங், டாஷ்பாட் ஆகியவற்றைக் கீறிய கோட்டுக்கு நேரே பூட்டுங்கள். டாம்பர் போகும் துளை வழியாக ஒரு பென்சிலால் பிஸ்டனை அடிவரை அழுத்துங்கள். ஊசி ஜெட்டுக்குள் இறங்கி, தளர்வாக இருக்கும் பேரிங்கைத் தன் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். அப்படி அழுத்தியபடியே லாக் நட்டை இறுக்குங்கள்.

பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். "டக்" என்று தெளிவான உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். அடுத்து அட்ஜஸ்டிங் நட்டை இறக்கி, ஜெட்டை அடியில் வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு நிலையிலும் சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஜெட் மேலே இருக்கும்போது சத்தம் மங்கினால் ஊசி உரசுகிறது. நட்டைத் தளர்த்தித் திரும்பச் செய்யுங்கள். எனக்கு முதல் தடவை ஏழெட்டு முறை எடுத்தது. இறுக்கும் கடைசித் திருப்பில் பேரிங் சற்றே நகர்வதுதான் காரணம். விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வரும்.

நடு கிடைத்ததும் ஜெட்டை உருவி, அட்ஜஸ்டிங் நட்டின் ஸ்பிரிங்கைப் போட்டுத் திரும்பப் பூட்டுங்கள். ஜெட் குழாயில் முதலில் நட், பிறகு வளையம், பிறகு புது ரப்பர் கிளாண்ட். கிளாண்டைத் தாண்டிக் குழாய் 5 மில்லிமீட்டர் அளவு நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் இறுக்கும்போது ரப்பர் குழாயைப் பிடிக்கும்.

மிதவை மட்டத்துக்கு மூடியைக் கவிழ்த்துப் பிடியுங்கள். வால்வு மூடியிருக்க, மிதவைக்கும் மூடியின் முகத்துக்கும் இடையே அரைக்கால் அங்குலத் துளையூசி, அதாவது 3.2 மில்லிமீட்டர், நுழைய வேண்டும். இது நைலான் மிதவைக்கு. உலோகக் கை இருந்தால் அதை மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். முழு நைலான் என்றால் வால்வு இருக்கையின் அடியில் மெல்லிய வளையம் சேர்ப்பது அல்லது எடுப்பது.

வண்டியில் ஏற்றி ஓட்டம் பிடித்தல்

புதுக் காஸ்கெட்டுகளோடு ஏற்றுங்கள். சோக் கேபிளை உள்ளே தள்ளியிருக்கும்போது சிறிது தளர்வு இருக்கட்டும். எஸ்.யு.வில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல, ஜெட்டையே கீழே இழுத்து இடைவெளியைக் கூட்டும் கை. கேபிள் இறுக்கமாக இருந்தால் ஜெட் எப்போதும் சற்றுத் தாழ்ந்தே நிற்கும், பெற்றோல் கரையும்.

டாம்பருக்கு எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய். டாம்பரை இறக்கும்போது மூடியின் மரை பிடிக்க இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கையில் கைக்குத் தடை தெரிந்தால் அளவு சரி. இந்த எண்ணெய் வற்றினால், மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் மூச்சு விட்டுத்தான் புறப்படும். பிஸ்டன் சட்டென்று எழும்பிக் காற்றை அதிகம் விட்டுவிடுவதுதான் காரணம். கழற்றிப் பூட்டும் யோசனைக்குப் போக முன் இந்த எண்ணெயைப் பார்த்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

அட்ஜஸ்டிங் நட்டை முழுதாக மேலே ஏற்றி, அங்கிருந்து 12 பக்கம் (நட்டுக்கு ஆறு பக்கம்), அதாவது இரண்டு சுற்று, இறக்குங்கள். மெதுவான ஓட்டத்தின் வேகத்தைப் பிடிக்கும் ஐடில் திருகாணியைத் தகடு மூடும் நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே திருகுங்கள். பேட்டரியைக் கொடுத்து, பம்பின் "டிக் டிக்" நிற்கிறதா, எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும், ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாலும் நல்லது. பாடியின் அடியில் பிஸ்டனைத் தூக்கும் சிறு பின் இருக்கிறது. அதை உயர்த்தி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம், நட்டை ஒரு பக்கம் மேலே ஏற்றுங்கள். எஞ்சின் தளர்ந்தால் அல்லது நின்றால் பெற்றோல் குறைவு, ஒரு பக்கம் இறக்குங்கள். ஒரு கணம் சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம்தான். திருகிய பின் ஜெட்டை விரலால் மேலே தள்ளி நட்டில் முட்டவையுங்கள், எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

புகைபோக்கிச் சத்தமும் சொல்லும். ஒழுங்கான இடைவெளியில் தட்டுப்பட்டுக் கறுப்புப் புகை வந்தால் அதிகம். ஒழுங்கில்லாமல் தெறிப்பதுபோலக் கேட்டுப் புகையே நிறமில்லாமல் இருந்தால் குறைவு.

கடைசியாக, எயர் கிளீனரைப் பூட்டி 15 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் ஓடி, நிறுத்த முன் மெதுவாக ஓடவிடாமல் எஞ்சினை அப்படியே நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றுங்கள். பிஸ்கட் நிறம் இருந்தால் நட்டை இனித் தொட வேண்டாம். கரி படிந்திருந்தால் ஒரு பக்கம் மேலே, வெளுத்திருந்தால் ஒரு பக்கம் கீழே. பிறகு அதே சாலையில் இன்னொருமுறை.